வேகவைத்துக் கொட்டிய தண்ணீர்

நாயுடுபுரம், கொடைக்கானல்
14.9.1981

மதினி அவர்களுக்கு,

வீரம்மா எழுதுகிறேன். உங்கள் தம்பி பொன்னுவேலின் மனைவி. கல்யாணமான இந்த எட்டு வருஷத்தில் நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை, நானும் எழுதியதில்லை. இப்போது திடீரென்று உங்கள் சுகத்தை விசாரித்தால் அது எனக்கே பொய்யாகப் படும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போய்விட்டன. வருஷக்கணக்காக ரத்தக்கொதிப்பு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியத்தைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நாக்குதான் போனது. ஏரிக்கரை லாட்ஜில் அவர் வைக்கும் சாம்பாருக்காகவே வருகிற டூரிஸ்ட் ஆட்கள் உண்டு. சித்திரை சீசனில் ஒருநாள் யாரோ ஒரு பெரிய மனிதர் அந்தச் சாம்பாரை வாயில் வைத்ததும் தட்டிலேயே துப்பிவிட்டார். இவர் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார். மானேஜர் கத்தியதற்கு, "எனக்கு எல்லாம் துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரிதான் இருக்கு, நான் எங்கிட்டு உப்புப் பாக்க?" என்றாராம். அத்தோடு வேலை போயிற்று. பிறகு கறி வாடை ஆகவில்லை. பிறகு தாளிக்கிற வாடையே ஆகவில்லை. சமையல்காரன் அடுப்படிப் பக்கம் வந்தால் ஓங்கரிக்கிறான் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்லி அழ?

சொல்லக் கூசுகிறது, ஆனால் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அவர் வாயைத் திறந்தால் மூத்திர வாடை அடிக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். மூத்திரத்தோடு வெளியே போக வேண்டிய கழிவெல்லாம் போக வழியில்லாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறதாம். "இந்த வெஷம் போய்த் தாக்குற எடம் ஹார்ட்டுதாம்மா. கிட்னி கெட்டவங்க நெறையப் பேரு கிட்னியால சாகறதில்ல, ஹார்ட்டாலதான் சாகறாங்க" என்றார்.

அதிலும் பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறது. பழத்தில், கிழங்கில், கீரையில், நாட்டுச் சர்க்கரையில் எல்லாம் அது உண்டு. உங்களுக்கும் எனக்கும் அது நல்லது, மிஞ்சியது மூத்திரத்தில் போய்விடும். அவருக்குப் போகாது. ஏறிக்கொண்டே இருந்து ஒருநாள் இதயத்தை அப்படியே நிறுத்திவிடும். முன்கூட்டி வலிக்கக்கூட வலிக்காது என்கிறார்கள்.

இங்கே மேல்மலையில் போளூர் முட்டைக்கோஸ் ஏற்ற வருகிற வேலுமணியின் லாரியில் நீங்கள் மாதா மாதம் தம்பிக்கு மலைவாழைப்பழமும் பஞ்சாமிர்தமும் கொடுத்தனுப்புகிறீர்கள். இனிமேல் அனுப்பாதீர்கள். பார்க்க வருகிற ஜனங்கள் ஆளுக்கொரு இளநீரைத் தூக்கிக்கொண்டு வந்து, "குளிர்ச்சிம்மா, குடுங்க" என்று என் தலையில் வைத்துக் கட்டுகிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்டவே எனக்குத் தெம்பில்லை. நீங்களாவது சொன்னதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வீரம்மா


அடிவாரம், பழனி
25.9.1981

வீரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். மூத்திர வாடை, ஓங்கரிப்பு, சொறி! ஒரு பொம்பளை எழுதுகிற எழுத்தா இது? கட்டின புருஷன் நாறுகிறான் என்று நாத்தனாருக்குத் தபாலில் எழுதியவள் இந்த உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். தபால்காரர் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, ஏதும் துக்கமா?" என்று கேட்டார். கண்ணாடி கைவசம் இல்லாதபோது அவர்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறவர். நல்லவேளை, அன்றைக்கு நானே பிரித்தேன்.

பஞ்சாமிர்தம் என் தம்பிக்கு விஷமா? பிறந்த வீடும் புகுந்த வீடும் இந்த அடிவாரத்தில் அதைப் பிசைந்துதான் சோறு தின்கிறோம். பொன்னுவேல் பால் குடிக்கிற பிள்ளையாக இருந்தபோது அவன் நாக்கில் முதலில் தடவியது அதைத்தான். நோயாளிக்குப் பத்தியம் சொன்ன வைத்தியர்கள்கூட மலைப்பழத்தை விலக்கச் சொன்னதில்லை. "உடம்புச் சூட்டைத் தணிக்கும், மலத்தை இளக்கும்" என்றுதான் சொல்வார்கள். உன் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினால் சாமி பிரசாதம் சாக்கடைக்குப் போய்விடுமா? என் வீட்டுக்காரர் குருநாதன் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாளாக எங்கள் பஞ்சாமிர்தக் கடையில் உம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம். நீ அவனுக்குச் சோறு போடுகிறாயா, இல்லையா? உப்பில்லாமல் சமைக்கிறாய் என்று வேலுமணி சொன்னான். காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைப் போடுகிறாயாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், நீ அதைப் புருஷன் தட்டில் வைக்கிறாய்! இங்கே நான் அவனுக்குப் பெண் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றுகிற நாள் குறித்து வைத்திருந்தேன். அவன் என்னடாவென்றால், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கப்பலேறி வந்து முகாமில் கிடந்த கூட்டத்தில் போய் உன்னைப் பிடித்தான். அப்போதே எனக்கு வயிறு குமட்டியது. இப்போதும் அதே குமட்டல்தான்.

இந்த மாதமும் ஒரு தார் பழம் அனுப்புகிறேன். அதைத் தடுக்க நீ யார்?

விசாலாட்சி


நாயுடுபுரம்
3.11.1981

மதினி அவர்களுக்கு,

என் கடிதத்தைப் படித்துக் கை கழுவினீர்களாம். நான் இங்கே வாந்திச் சட்டியைக் கழுவிவிட்டு அந்த ஈரக் கையோடுதான் அதை எழுதினேன்.

நீங்கள் அனுப்பிய தாரைப் பேத்துப்பாறையில் ஒருவர் வளர்க்கிற பன்றிகளுக்குப் போட்டேன். பஞ்சாமிர்தத்தை மட்டும் அப்படிச் செய்ய மனசு கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சாமியை நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் கும்பிடுவதும் அதே முருகனைத்தான், அங்கே கதிர்காமத்திலும் அவர்தான் இருக்கிறார். நான் சொல்வது பழத்தில் இருக்கிற உப்பை.

போன மாதம் என்ன நடந்தது என்று கேளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே கிடந்தார். தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் குப்புறச் சாய்ந்தால்தான் நெஞ்சு வலி கொஞ்சம் அடங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழாயை என் காதில் மாட்டிவிட்டு, "நீங்களே கேளுங்க" என்றார். இதயம் துடிக்கிற சத்தத்தோடு கரகரவென்று இன்னொரு சத்தம் கேட்டது. புதுச் செருப்பு போட்டு நடந்தால் வருமே, அந்தச் சத்தம். இதயத்தைச் சுற்றி ஒரு உறை இருக்கிறதாம். ரத்தத்தில் தேங்கிய விஷம் அந்த உறையைப் புண்ணாக்கிவிட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் புண்ணும் புண்ணும் உரசுகிறது. குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தேன். அதுவரை அவர் எடுத்த வாந்தியைத்தான் பார்த்திருந்தேன்.

மதுரைக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் துளை போட்டு, குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, ஊறவைத்து வெளியே எடுத்தார்கள். வெளியே வந்த தண்ணீரைப் பார்த்தேன். அந்தக் கண்றாவியைப் பற்றி எழுதினால் நீங்கள் மறுபடியும் கை கழுவ வேண்டியிருக்கும். ஆனால் மதினி, அந்தக் கரகரச் சத்தம் குறைந்துவிட்டது! மூன்றாம் நாள் அவரே எழுந்து உட்கார்ந்து, "வீரம்மா, பசிக்குது" என்றார். எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்கிறேன் தெரியுமா?

அவ்வப்போது இப்படிக் கழுவிக்கொண்டும், வாயைக் கட்டிக்கொண்டும் இருந்தால் இதயம் தாங்கும் என்கிறார்கள். அதற்காகத்தான் காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து மறுபடி கொட்டுகிறேன். சத்து போய்விடும் என்பீர்கள். போகட்டும் என்றுதான் கொட்டுகிறேன். எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே இப்போது அருவருப்பு. தொட்டி நிறைய அதுதான் நாறிக்கொண்டிருக்கிறது.

நான் அவரைப் பட்டினி போடுகிறேனா இல்லையா என்று வேலுமணியிடம் கேட்க வேண்டாம். வந்து உங்கள் கண்ணால் பாருங்கள்.

வீரம்மா


அடிவாரம், பழனி
29.12.1981

வீரம்மாவுக்கு,

வந்து பார் என்றாய், வந்தேன். பார்த்தேன். ஊர் திரும்பி நாலு நாளாகிறது, இன்னும் சோறு இறங்கவில்லை.

வாசலில் நுழைந்ததுமே அந்த வாடை. நான் முந்தானையை மூக்கில் வைத்ததை அவன் பார்த்துவிட்டான். "நல்லாப் பொத்திக்க அக்கா. எனக்கே பொத்திக்கிடணும் போலத்தான் இருக்கு" என்று சிரித்தான். தென்னங்குச்சி மாதிரி கை, பூசணிக்காய் மாதிரி கால். என் தம்பிக்கா இந்தக் கதி? ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டவனுக்கா?

உன் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். மலைப்பாதையில் பஸ் சுற்றிய சுற்றில் வயிறு புரண்டுகொண்டிருந்தது. நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ. உன் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று வைராக்கியத்தோடுதான் வந்தேன், அதையும் ஒளிக்கவில்லை. ஆனால் தம்ளரைத் தள்ளிவைத்தபோது அதுவா இதுவா என்று எனக்கே தெரியவில்லை.

நீ அவனுக்குச் செய்வதில் குறை சொல்ல முடியாது. உட்கார்த்தி வைக்கிறாய், துடைக்கிறாய், சட்டியைப் பிடிக்கிறாய். என்னால் அது முடியாது. ஆனால் அந்தச் சாப்பாடு! பீன்ஸை வேகவைத்துத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாய். மறுபடியும் கொட்டினாய். வெளுத்துப்போன அந்தச் சக்கையை வெள்ளைச் சோற்றில் பிசைந்து என் கண் முன்னால் அவன் வாயில் வைத்தாய். அவன் விழுங்கிய விதத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மாட்டுக்குக்கூட நாங்கள் பருத்திக்கொட்டையில் உப்புப் போட்டுத்தான் வைப்போம்.

நீ தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டான். கூடப் பிறந்தவளிடம் மட்டும்தான் அதைக் கேட்க முடியும். உன்னிடம் சொல்ல மாட்டேன். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் வீரம்மா, உனக்கு அது புரியாது.

விசாலாட்சி


நாயுடுபுரம்
8.1.1982

மதினி அவர்களுக்கு,

அவர் உங்களிடம் என்ன கேட்டிருப்பார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. தின்னத்தான் கேட்டிருப்பார். நானே அவரிடம் கேட்டேன். "ஒண்ணுமில்ல தாயி, குலசாமிக்கு நேந்துக்கிடச் சொன்னேன்" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் என் சாப்பாட்டைக் குறை சொன்னதே இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும், "நல்லாருக்கு, வை" என்கிறார். காலையில் ஒரு துண்டு பாண், நீங்கள் ரொட்டி என்பீர்களே, அதைக் கொடுத்தால் அதற்கும் நல்லாருக்கு. நீங்கள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு மாடு, பருத்திக்கொட்டை என்று எழுதுகிறீர்கள். தினமும் ஆக்குகிறவளுக்குத் தெரியாதா?

நான் இதுவரை யாரிடமும் கெஞ்சியதில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது சாமான் மூட்டையைப் பிடுங்கி உதறினார்களே, அங்கேகூட நான் கெஞ்சவில்லை. உங்களிடம் கெஞ்சுகிறேன். அனுப்பாதீர்கள் மதினி. பூசம் வருகிறது, கடையில் மலைமலையாகப் பிசைவீர்கள், மனசு கேட்காது, தெரியும். ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி என்று நினைப்பீர்கள். அது ஒரு கரண்டியோடு நிற்காது. மாசி பிறந்ததும் மறுபடி மதுரையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்த இதயத்தை அசையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

என்னைப் பிடிக்காவிட்டால் பிடிக்காமலே போகட்டும். நான் சொல்கிற இந்த ஒன்றை மட்டும் நம்புங்கள்.

வீரம்மா


அடிவாரம், பழனி
16.2.1982

வீரம்மாவுக்கு,

என் தம்பியைத் தூக்கி இன்றைக்கு நாலு நாள். நான் அழுது முடிக்கவில்லை, அதற்குள் எழுத வைத்துவிட்டாய்.

தந்தி கிடைத்ததும் விழுந்தடித்து ஓடி வந்தேன். தெருவே நிற்கிறது, கொட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். எல்லாரும் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். லாட்ஜ் மானேஜர் போட்டார், அவனை வேலையை விட்டுத் துரத்திய ஆள்! நான் கையில் அரிசியை அள்ளிக்கொண்டு குனிகிறேன், நீ என் கையைத் தட்டிவிட்டாய். அரிசி மண்ணில் சிதறியது. "நீங்க போட வேண்டாம்" என்றாய், அவ்வளவுதான். காரணம்கூடச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இருபது பேர் என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

கூடப் பிறந்தவளுக்கு அந்த உரிமை இல்லையா? எதிரி வந்தால்கூட வாய்க்கரிசியைத் தடுக்க மாட்டார்களே! சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. ஏன் தட்டிவிட்டாய்? அதற்கு மட்டும் பதில் எழுது.

விசாலாட்சி


நாயுடுபுரம்
20.2.1982

மதினி,

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள், அதுதான் எனக்குக் குமட்டுகிறது. என்றாலும் எழுதுகிறேன்.

பூசம் முடிந்து மூன்றாம் நாள் காலை. வெள்ளனே எழுந்தவர் கட்டிலிலிருந்து இறங்கக் காலை ஊன்றினார், கால் நிற்கவில்லை. "ஏ வீரம்மா, காலு துணி மாதிரி கெடக்கு" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். நாடியைப் பிடித்துப் பார்த்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் நான் மூச்சு விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதயத்தின் ஓட்டத்தைக் காகிதத்தில் கோடாக எடுத்தார்கள். டாக்டரம்மா அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊசி போட்டார்கள், போட்டுக்கொண்டே, "என்ன சாப்பிட்டாரு? உண்மையைச் சொல்லும்மா, பொட்டாசியம் கண்டபடி ஏறிக் கெடக்கு" என்று கேட்டார். கழுவின பீன்ஸ், சோறு, பாண், வேறு ஒன்றுமே இல்லை என்று உங்கள் தம்பி தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். "அப்படின்னா ஏன் இப்படி?" என்றார். சாயங்காலம் இதயம் நின்றுவிட்டது. அடங்குகிறபோது அவருக்கு வலிக்கவில்லை, அது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து அவருக்குப் போர்த்த வேட்டி எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கம்பளிச் சட்டைக்குள் சுருட்டி வைத்த டப்பா இருந்தது. உங்கள் கடை டப்பா. கழுவியதுபோல இருந்தது, விரலால் வழித்து நக்கியிருக்கிறார். துக்கத்துக்கு வந்து நின்ற வேலுமணியைப் பிடித்து உலுக்கினேன். "அக்காதான் பூசத்தன்னைக்குக் குடுத்துச்சு, நீங்க இல்லாத நேரமாப் பாத்து அண்ணன் கையில குடுக்கச் சொல்லுச்சு" என்றான்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வெளியே நீங்கள் ஐயோ தம்பி என்று அலறிக்கொண்டு வந்து இறங்குகிறீர்கள். அந்த வாய்க்கு உயிரோடு இருக்கும்போதே போட்டு முடித்துவிட்டு, அதன்மேல் அரிசி வேறு அள்ளுகிறீர்கள். தட்டிவிடாமல் என்ன செய்ய?

தெருவில் காரணம் சொல்லவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். சொல்லியிருந்தால் அடிவாரத்தில் நீங்கள் தலை நிமிர்ந்து நடந்திருப்பீர்களா?

வீரம்மா


அடிவாரம், பழனி
24.2.1982

வீரம்மாவுக்கு,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரருக்குக் காட்டவில்லை. நானே வைத்திருக்கிறேன்.

அவன் என்ன கேட்டான் என்று சொல்லிவிடுகிறேன். நீ குடத்தை எடுத்துக்கொண்டு போனதும் என் கையைப் பிடித்தான். "அக்கா, அந்தக் கழுவுன சக்கையப் பாத்தாலே கொமட்டுது. அவ முன்னாடி வாயில வாங்கிக்கிறேன், அவ அங்கிட்டுத் திரும்புனதும் ஜன்னல் வழியாத் துப்பிர்றேன். எத்தன நாளைக்கு? பூசத்துக்கு ஒரு டப்பா குடுத்துவிடு. நாக்குல கொஞ்சம் இனிப்புப் படட்டும். அதுக்குமேல உசுரு போனாப் போகட்டும்" என்றான். நான் சரி என்றேன். "அவகிட்டச் சொல்லிறாத. பாவம், வெந்நியிலயே கெடந்து அவ கையெல்லாம் வெந்துபோய்க் கெடக்கு" என்றான்.

நீ எழுதியதை நான் நம்பவில்லை வீரம்மா. பழம் தின்று மனுஷன் சாவான் என்று எங்கள் வம்சத்தில் யாராவது கேட்டிருக்கிறார்களா? நம்பியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அவன் கேட்ட குரல் என் காதில் கிடக்கிறது. நம்பியிருந்தாலும் கொடுத்திருப்பேனோ என்னவோ. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

கடைப் பக்கம் போக முடியவில்லை. பழம் பிசைகிற வாடை வந்தால் கொல்லைக்கு ஓடுகிறேன். அவர் பித்தம் என்கிறார், சுக்குக் கஷாயம் போட்டுத் தருகிறார். குடிப்பதுபோலக் குடித்துவிட்டுத் துப்புகிறேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நான் வரலாமா? படையலுக்கு என்ன வைக்கப் போகிறாய்? எதை வைத்தாலும் சரி. நான் எதுவும் கொண்டுவர மாட்டேன்.

விசாலாட்சி


நாயுடுபுரம்
1.3.1982

மதினிக்கு,

உங்கள் கடிதம் கருமாதிக்கு முந்தின நாள் வந்தது. வாருங்கள் என்று தந்தி அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. நீங்களும் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் எப்போதும் அந்தச் சுவரோரமாகத்தான் மேயும். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, செத்துப்போன மனுஷனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். நல்லாருக்கு, வை. நல்லாருக்கு, வை. எத்தனை வேளை! கல்லுளிமங்கன். அந்த வார்த்தைக்காகத்தானே மதினி நான் விடியுமுன்னே எழுந்து நறுக்கி ஊறவைத்தேன்? என்னிடம் ஒருநாள் சொல்லக்கூடாதா? தூ, இதை எவன் தின்பான் என்று தட்டை வீசியிருந்தால்கூட எனக்கு வலித்திருக்காது. உங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதியை அன்றைக்கு அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

என்னிடம் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன். செத்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அது தெரிந்துதான் உங்களிடம் கேட்டிருக்கிறார்.

படையலுக்கு அவருக்குப் பிடித்ததைச் செய்யச் சொன்னார்கள். மட்டன் என்றார்கள், வடை என்றார்கள், லாட்ஜ் ஆட்கள் அவர் பக்குவத்திலேயே சாம்பார் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். பீன்ஸை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்துக் கொட்டி, மறுபடி வேகவைத்துக் கொட்டி, உப்பில்லாத சோற்றோடு இலையில் வைத்தேன். பாசத்தில் என்று நினைக்காதீர்கள். ஆத்திரத்தில்தான். இத்தனை மாசம் துப்பினாயே, இப்போது எங்கே துப்புவாய் பார்க்கலாம் என்று வைத்தேன்.

காக்காய்க்கு எடுத்து வைத்தோம். வந்து உட்கார்ந்தது. ஒரு தடவை கொத்தியது, அலகைச் சுவரில் இப்படியும் அப்படியும் தேய்த்துவிட்டுப் பறந்துபோனது. "ஐயையோ, ஆத்துமா ஏத்துக்கிடலையே! வேற ஏதாச்சும் வெரசா வைங்க" என்று பெண்டுகள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை மாசம் அதை ஆக்கினேனே தவிர, ஒருநாளும் நான் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கென்று தனியாகக் கருவாட்டுக் குழம்பு வைத்து, வாடை அவருக்குப் போகாமல் கொல்லையில் உட்கார்ந்து தின்பேன். உப்பு, புளி, காரம் எல்லாம் போட்டுத்தான் தின்பேன். வேலை செய்கிற உடம்பு, அது வேண்டும் என்று நினைப்பேன்.

எல்லாரும் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் அள்ளி வைத்தேன். ஈரச் சாக்கை மென்றதுபோல இருந்தது. தொண்டைக்குள் இறங்கவில்லை. தூவென்று துப்பிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு இலையை என் பக்கம் இழுத்தேன். ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வீரம்மா